வெந்நீரில் நசுங்கும் வாஷர்

கேள்வி: பாலியோலிஃபின் எலாஸ்டோமர் (ரப்பர்போல் மீளும் ஒருவகை பிளாஸ்டிக்) குருணையை உருக்கி வாஷர் செய்கிறோம். கையால் அழுத்தினால் நன்றாக மீள்கிறது. வெந்நீர்க் குழாயில் மாட்டினால் சில நாள்களில் தட்டையாகிவிடுகிறது. பெராக்சைடு சேர்த்தால் சரியாகும் என்கிறார்கள். கூடுதலாகச் சேர்த்தால் உறுதியும் கூடுமா?

பதில்: நீங்கள் வாங்குவது பெரும்பாலும் எத்திலீனும் ஆக்டீனும் சேர்ந்த ரகமாக இருக்கும். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை இழுத்துப் பிடித்திருப்பவை இடையிடையே உருவாகும் நுண்ணிய படிகங்கள் மட்டுமே, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.87 கிராம் அளவிலுள்ள ரகங்களில் அவை 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடுவதால், வெந்நீரில் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, வாஷர் நசுங்கிய வடிவிலேயே நின்றுவிடுகிறது.

டைகியூமைல் பெராக்சைடு கலந்து சுமார் 170 டிகிரியில் அச்சில் அழுத்தும்போது, அது சிதைந்து சங்கிலிகளிலிருந்து ஹைட்ரஜன் அணுக்களைப் பறிக்கிறது. அப்படி இழந்த இடங்கள் இரண்டு இரண்டாக இணைந்து கார்பன்-கார்பன் பிணைப்புகள் ஆகின்றன. (இரட்டைப் பிணைப்பு ஏறக்குறைய இல்லாத இப்பொருளில், சாதாரண ரப்பரைப் பிணைக்கச் சேர்க்கும் கந்தகம் பயன்படாது.) இப்பிணைப்புகள் வெந்நீரில் அறுவதில்லை, ஆகவே படிகங்கள் உருகினாலும் பொருள் வழியாது, அழுத்தம் நீங்கியதும் பெரும்பாலும் பழைய வடிவுக்குத் திரும்பும். உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம் இதுதான். அறை வெப்பநிலைக் கடினத்தன்மை பெரிதாக மாறாது. பிணைப்புகள் படிகம் அடுக்குவதைத் தடுப்பதால் சற்றுக் குறையவும் கூடும்.

அளவு மிஞ்சினால் கெடுதல்தான் மிஞ்சும். இப்பிணைப்புகளாலான வலை நெருங்க நெருங்கச் சங்கிலிகள் நீளும் இடம் சுருங்கி, அறுபடுமுன் நீளும் அளவும் கிழிபடாமல் தாங்கும் வலிமையும் குறைகின்றன. சிறு வெட்டு விழுந்தால் விளிம்பிலிருந்து விரிசல் ஓடிவிடும். 100 பங்கு குருணைக்கு 1 பங்கு பெராக்சைடில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றிப் பாருங்கள். கலக்கும்போது சூட்டை 120 டிகிரிக்குள் வைத்திருங்கள். இல்லாவிட்டால் அச்சை எட்டுமுன்பே கலவை இறுகிவிடும். குருணை புரோப்பிலீன் மிகுந்த ரகமா என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். அதில் இதே பெராக்சைடு சங்கிலிகளை இணைப்பதைவிட அதிகமாக வெட்டிவிடும்.

பிணைப்பு விழுந்ததா என்பதை ஆய்வகத்தில் சோதிக்கலாம்: எடையிட்ட துண்டைக் கம்பிவலைப் பையிலிட்டுக் கொதிக்கும் சைலீன் என்ற கரைப்பானில் பல மணி நேரம் வைத்தால், பிணையாத பகுதி கரைந்துபோகும், பிணைந்தது ஊதிய ஜெல்லாக வலைக்குள் நிற்கும். அதை உலர்த்தி எடை பார்க்க வேண்டும். சைலீன் எளிதில் தீப்பற்றும் என்பதால் பட்டறையில் இதைச் செய்யவே வேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்: இதுவரை அச்சின் ஓரக்கழிவை மறுபடி உருக்கிப் பயன்படுத்தியிருப்பீர்கள், பிணைந்த கழிவு இனி உருகாது.