உங்களை உண்மையாகவே வியக்க வைத்த முதலீட்டாளர் யார்?

சக் ஃபீனி. பேர் பலருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவரும் நினைத்தார்.

1931-இல் நியூ ஜெர்சியில் ஒரு சாதாரண ஐரிஷ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். விமானப்படையில் இருந்துவிட்டு வந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹோட்டல் நிர்வாகம் படித்தார். அங்கேயே ராத்திரி நேரத்தில் சக மாணவர்களுக்கு சாண்ட்விச் செய்து விற்றிருக்கிறார். 1960-இல் ராபர்ட் மில்லருடன் சேர்ந்து ஹாங்காங்கில் டியூட்டி ஃப்ரீ, அதாவது பயணிகளுக்கு வரியில்லாமல் பொருள் விற்கும் கடைத் தொழிலைத் தொடங்கினார். ஜப்பானியர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்பிய காலம் அது. பிராந்தியும் சென்ட்டும் விற்றே பெரும் பணம் குவிந்தது. 1980-இல் ஜெனரல் அட்லாண்டிக் என்ற முதலீட்டு நிறுவனத்தையும் தொடங்கினார்.

சரி, இதெல்லாம் பல கோடீஸ்வரர்களின் கதைதான். அதற்கப்புறம் அவர் செய்ததுதான் என்னை ஆட்டிவிட்டது.

1982-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார். 1984-இல் தன் பங்கு முழுவதையும், அதாவது டியூட்டி ஃப்ரீ கடை நிறுவனத்தில் 38.75 சதவீதத்தை, அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 53. நான் வரிக்கணக்கு பார்க்கும் வேலையில் இருப்பவன், நன்கொடை என்றதுமே கிளையன்ட் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு எவ்வளவு விலக்கு கிடைக்கும்?" இவரோ அறக்கட்டளையை அமெரிக்காவுக்கு வெளியே, பெர்முடா தீவில் பதிவு செய்தார். அமெரிக்காவில் வரிச்சலுகை கிடைக்காது, ஆனால் யார் கொடுத்தது என்று வெளியே சொல்ல வேண்டியதில்லை. அந்த ரகசியத்துக்காகவே சலுகையை விட்டார். இதை முதன்முதலில் படித்தபோது இரண்டு தடவை திரும்பப் படித்தேன்.

பணம் வாங்கிய இடங்களிலும் பெயர் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. 1988-இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவருக்கு 130 கோடி டாலர் சொத்து இருப்பதாகப் பட்டியலிட்டது. அதற்கு நான்கு வருடம் முன்பே அது அவர் கையை விட்டுப் போயிருந்தது! கடை நிறுவனத்தை எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனம் வாங்கியபோது இனி மறைக்க முடியாது என்ற நிலை வந்தது. 1997-இல்தான் விஷயம் வெளியானது.

அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகம், வியட்நாமின் மருத்துவமனைகள், நியூயார்க்கில் கார்னெல் டெக் வளாகத்துக்கு 35 கோடி டாலர் என மொத்தம் ஏறக்குறைய 800 கோடி டாலர் கொடுத்திருக்கிறார். அவர் பணத்தில் எழுந்த கட்டடங்களில் அவர் பெயரைப் பொறிக்க விடவில்லை. செத்தபிறகு போய்ச் சேரட்டும் என்று உயில் எழுதி வைப்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை. உயிரோடு இருக்கும்போதே, வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

சான் பிரான்சிஸ்கோவில் மனைவியோடு வாடகை வீடு. கையில் மலிவான பிளாஸ்டிக் வாட்ச். காகிதங்களைக்கூட பிளாஸ்டிக் பையில்தான் எடுத்துப் போவாராம்.

2020 செப்டம்பரில், கொடுக்க இனி எதுவும் இல்லை என்று அறக்கட்டளையை மூடும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் மூன்று வருடம் வாழ்ந்து, 92 வயதில் காலமானார்.