வைரத்துக்காக ஏரியை வற்றவைக்கலாமா?

வடகனடாவில் வைரச் சுரங்கத்துக்காக ஏரித் தண்ணீரையே இறைக்கிறார்களே, மீன்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. 1868-இல் பிறந்த கனடாவின் மீன்வளச் சட்டத்தின் 35-ஆம் பிரிவுப்படி, மீன் முட்டையிடும், இரைதேடும் இடத்தை அனுமதியின்றிக் கெடுப்பதே குற்றம். மீன் செத்து மிதக்க வேண்டியதில்லை. 2012-இல் இந்தப் பாதுகாப்பைச் சுருக்கினார்கள், 2019-இல் மீட்டார்கள். அந்தச் சுருக்கம் பெரும் பிழை என்பேன்.

ஆனால் ‘அனுமதியின்றி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வடகனடாவின் லாக் டி கிரா ஏரியில் டயாவிக் என்ற வைரச் சுரங்கத்துக்காக அணை கட்டி, உள்ளே சிக்கிய மீன்களைப் பிடித்து அகற்றிவிட்டுத்தான் நீரை இறைத்தார்கள். எல்லாம் அனுமதியோடு. இழந்த வாழிடத்துக்கு ஈடாக வேறிடத்தில் வாழிடம் அமைக்கச் சொல்வது வழக்கம். அந்தக் குளிர்நீரில் ஏரி ட்ரௌட் என்ற மீன் முட்டையிடும் பருவத்தை எட்டவே பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் ஈடு பலித்ததா என்பதை நீண்டகாலம் கண்காணிக்க வேண்டும்.