அமெரிக்கக் கால்பந்தில் வைட் ரிசீவர்கள் முப்பது வயதைத் தாண்டினாலே மங்கிவிடுவார்கள் என்கிறார்களே, ஜெர்ரி ரைஸ் மட்டும் எப்படி 20 சீசன் ஆடினார்?

தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் வைட் ரிசீவரின் வேலை. வேகத்தை மட்டும் நம்பியவர்களுக்குக் கால் தளர்ந்ததும் கதை முடிந்துவிடும். ரைஸ் அந்த ரகமில்லை. அவரைவிட வேகமாக ஓடுபவர்கள் அப்போதே நிறையப் பேர் இருந்தார்கள்.

அவருடைய பலம் ரூட் ஓடுவதில், அதாவது பாஸ் பிடிக்க முன்பே திட்டமிட்ட பாதையில் ஓடுவதில் இருந்தது. முழு வேகத்தில் வந்து, வேகம் குறையாமல் சட்டென்று திரும்புவார். காவலுக்கு நிற்பவர் சுதாரிப்பதற்குள் பந்து கையில் இருக்கும். பயிற்சியில் சின்னதாக ஒரு பாஸ் பிடித்தாலும் மைதானக் கோடியில் புள்ளி எடுக்கும் இடமான எண்ட் ஸோன் வரை ஓடிவிட்டுத்தான் திரும்புவார். சீசன் இல்லாத மாதங்களில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஒரு செங்குத்தான மலைப்பாதையில் ஓடுவார். கூட ஓட வந்த இளம் வீரர்கள் பலர் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவார்களாம். மிசிசிப்பியில் கொத்தனாராக இருந்த அப்பாவுக்கு உதவியாக, வீசப்படும் செங்கல்லைப் பிடித்துப் பழகிய கை அது.

1997இல் முழங்கால் காயத்தால் அந்த சீசனே கிட்டத்தட்ட போயிற்று. ஆனாலும் 2002இல், 40 வயதில், ரெய்டர்ஸ் அணிக்காக 92 கேட்ச், பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம் 1,211 யார்டு! என் கணக்கில் அவர் வென்ற மூன்று சூப்பர் பவுல் இறுதிப்போட்டிகளைவிடப் பெரியது இதுதான். ஆடிய காலம் முழுக்க மொத்தம் 22,895 யார்டு. இரண்டாமிடத்தில் உள்ள லேரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 5,000 யார்டுக்கும் மேல் பின்தங்கியிருக்கிறார்.