நஷ்டத்தில் ஓடும் கம்பெனியில் பையனைச் சேர்க்கலாமா?

அண்ணா, வணக்கம். உங்கள் பையன் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) முடித்துவிட்டான். ஓசூர் பக்கம் பேட்டரி ஸ்கூட்டர் கம்பெனி ஒன்று கூப்பிடுகிறது, பெங்களூரு ஐ.டி. கம்பெனி ஒன்றும் கூப்பிடுகிறது. முதல் கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது என்று பேப்பரில் படித்ததிலிருந்து காவேரிப்பட்டணத்தில் உங்களுக்குத் தூக்கம் இல்லை. சரி, பேசுவோம்.

லாபமா நஷ்டமா என்று கேட்பதற்கு முன்னால், அந்தத் தொழிலுக்கு இப்போது என்ன வயது என்று கேளுங்கள். புதுத் தொழிலில் ஆலை கட்டணும், பேட்டரி ஆராய்ச்சிக்குக் கொட்டணும், ஷோரூம் திறக்கணும், விலையைக் குறைத்து ஆளைப் பிடிக்கணும். விற்கிற காசு இதற்கெல்லாம் போதாது. அந்தக் கட்டத்தில் நஷ்டம் வருவது இயல்புதான். அதை யார் காசில் தாங்குகிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். டிவிஎஸ் 2020-ல் ஐக்யூப் என்ற பேட்டரி ஸ்கூட்டரைக் கொண்டுவந்தபோது, பெட்ரோல் வண்டி விற்ற லாபம் பின்னால் நின்றது. புதுக் கம்பெனிகளுக்கு முதலீட்டாளர் பணம்தான் கதி; அது சுருங்கினால் முதலில் நிற்பது புது ஆள் எடுப்பது. அரசு மானியமும் ஒரு தூண். 2023 ஜூனில் மத்திய அரசு அதைக் குறைத்ததும் வண்டி விலை ஏறியது, அந்த மாதமே விற்பனை சரிந்தது.

அப்புறம் களையெடுப்புக் காலம் வரும். வளர்கிற தொழிலில் எல்லோரும் இறங்குவார்கள், விலைப்போர் நடக்கும், பணபலம் உள்ள சிலரே மிஞ்சுவார்கள். செல்போன் சேவையில் நம் கண் முன்னால் நடந்தது இது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் 2018 தொடக்கத்தில் திவால் மனு போட்டது. வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்ற ஜனம் கடைகடையாக அலைந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வோடஃபோனும் ஐடியாவும் அதே வருடம் ஒன்றாகின. பேட்டரி ஸ்கூட்டரிலும் இத்தனை பெயர்களும் நிலைக்கப்போவதில்லை என்பதே என் கணிப்பு.

“அப்போ ஐ.டி.தான் பாதுகாப்பு” என்று சொல்லிவிடாதீர்கள். அது முதிர்ந்த தொழில். புது வாடிக்கையாளர் பழைய வேகத்தில் வருவதில்லை. செலவை இறுக்கித்தான் லாபத்தைக் காப்பாற்ற வேண்டும். டிசிஎஸ் 2024-25-ல் ரூ.48,000 கோடிக்கு மேல் லாபம் பார்த்தது. 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்ததும் அதே டிசிஎஸ்தான். கம்பெனிக்கு லாபம் என்றால் நம் பையன் வேலைக்கு உத்தரவாதம் என்று அர்த்தம் இல்லை. புதியவர்களுக்கான தொடக்கச் சம்பளம் வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சத்திலேயே பல காலமாக நிற்பதற்கும் இந்த இறுக்கம் ஒரு காரணம்.

ஒரு தொழிலுக்கு முதுமை வந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. ஒரு காலத்தில் கல்யாணச் சீர் என்றால் எச்எம்டி வாட்ச். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்தபோது சாவி கொடுக்கிற கடிகாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து பின்தங்கியது. 2016-ல் அதன் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் வாட்ச் செய்தது. தொண்ணூறுகளில் தனிஷ்க் என்று நகைக்குள் போனது. இன்று அதன் வருமானத்தில் பெரும்பங்கு நகைதான். ஒரே தொழில்தான், முடிவெடுத்த விதம் வேறு.

இனி உங்கள் பையன் விஷயம். ஸ்கூட்டர் கம்பெனியின் ஆஃபர் லெட்டரில் மூன்று இடம் பாருங்கள். ஆள் கம்பெனி ரோலா (கம்பெனியின் நேரடி ஊழியரா), காண்ட்ராக்ட் ஏஜென்சி பெயரிலா? எந்தப் பிரிவு: பேட்டரி, மோட்டார் கன்ட்ரோலர், டெஸ்டிங் என்று இருக்கிறதா, வெறும் லைனில் போல்ட் முறுக்குவதா? பாண்டு, அதாவது விலகாமல் இருக்க எழுதிக்கொடுக்கிற ஒப்பந்தம், எத்தனை வருடம், பாதியில் விட்டால் எவ்வளவு கட்டணும்? கம்பெனி ரோலில் பேட்டரி அல்லது கன்ட்ரோலர் பிரிவு கிடைத்தால் நஷ்டத்தைப் பார்க்காமல் சேர்த்துவிடுங்கள் என்பேன். நாளைக்கு அந்தக் கம்பெனியே களையெடுப்பில் போனாலும், அந்தக் கைவேலை தெரிந்தவனை ஓசூர் சிப்காட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். ஏஜென்சி மூலம் லைன் வேலை என்றால் ஐ.டி. தேவலை.

படிப்புக் கடன் தவணை உடனே தொடங்குகிறது, வீட்டில் வேறு வருமானம் இல்லை என்றால் என் பதில் மாறும். அப்போது இரண்டு வருடம் ஐ.டி.யில் இருக்கட்டும், ஆனால் வண்டிகளுக்கான மென்பொருள் எழுதும் புராஜெக்ட்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இ.இ.இ. படித்தவனுக்கு அங்கே மதிப்பு உண்டு.

சேரும் தேதிக்கு முன்னால் இரண்டு ஆஃபர் லெட்டரையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள். சம்பளப் பக்கம் மட்டும் போதாது, பின்னால் பொடி எழுத்தில் இருக்கிற பக்கங்களும் வேண்டும்.