பசலைக்கீரையும் 11 சிவப்புக் கோடுகளும்

கேள்வி: நான் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. என் ஆய்வுக்கட்டுரையில் 11 இடங்களில் சிவப்பு மையில் கோடு போட்டு, ‘ஆதாரம் எங்கே?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார் நெறியாளர். ஒரு வரியைக்கூட நான் காப்பியடிக்கவில்லை. படித்ததை என் சொந்த வார்த்தையில்தான் எழுதினேன். அப்புறமும் ஏன் ஆதாரம்? இப்போது தேடினால் எதை எங்கே படித்தேன் என்றே நினைவில்லை. வேறொரு கட்டுரையின் துணைநூற்பட்டியலிலிருந்து பொருத்தமானதாகப் பார்த்து எடுத்துப் போடு என்கிறாள் தோழி. செய்யலாமா?

பதில்: தோழி சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

முதலில் உங்கள் கோபத்துக்கு வருகிறேன். வாக்கியம் உங்களுடையதுதான், யார் இல்லை என்றது? ஆனால் அதற்குள் இருக்கும் எண்ணிக்கையோ முடிவோ வேறொருவர் உழைத்துக் கண்டுபிடித்தது. நீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது என்று எழுத யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். ‘இத்தனை சதவீதம் பேர்’ என்று எழுதினால், எண்ணியது யார் என்று கேட்கத்தான் செய்வார்கள். திருட்டுப் பட்டத்துக்குப் பயந்து ஆதாரம் கொடுப்பது ஒரு பக்கம். படிப்பவர் போய்ச் சரிபார்க்க வழி விடுவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பசலைக்கீரைக் கதையைக் கேட்டிருப்பீர்கள். அதில் இரும்புச்சத்து அதிகம் என்ற நம்பிக்கையே, யாரோ ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டு 10 மடங்காக்கியதால் வந்தது என்பார்கள். 1981-இல் டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார். எங்கிருந்து எடுத்தார் என்று குறிப்பிடவில்லை. படித்தவர்கள் அவரை நம்பி எழுதினார்கள், அவர்களை நம்பி இன்னும் பலர். பின்னாளில் ஒருவர் உட்கார்ந்து துருவிப் பார்த்தபோது, அப்படிப் புள்ளி தவறியதற்கே சான்று கிடைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ‘எதையும் சரிபார்க்காமல் நம்பாதே’ என்று பாடம் நடத்தத்தான் பலரும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

இனி தோழியின் யோசனை. 1980-இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் வலிக்கு ஓபியாய்டு (அபின் வகை) மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளில் அடிமையானவர்கள் மிகக் குறைவு என்றது. அதை 600 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அது உள்நோயாளிகளைப் பற்றியது என்பதைப் பெரும்பாலோர் சொல்லவே இல்லை. எல்லோரும் எடுத்துப் படித்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? மூலத்தைப் பார்க்க முடியாதபோது, ‘இன்னார் எழுதியதை இன்னாருடைய நூலில் கண்டேன்’ என்று உள்ளபடி எழுதிவிடலாம், அதில் வெட்கமில்லை. செயற்கை நுண்ணறிவிடம் ஆதாரம் கேட்பதும் ஆபத்து. இல்லாத கட்டுரைக்கு ஆண்டு, பக்க எண்ணோடு கச்சிதமாக ஒரு முகவரி கொடுத்துவிடக்கூடும்.

உங்கள் உண்மையான சிக்கல் எழுதும்போது வந்ததல்ல, படிக்கும்போது வந்தது. நானும் மாட்டியிருக்கிறேன். நோட்டில் அழகாக ஒரு வரி இருந்தது, பக்கத்தில் ‘நீல அட்டைப் புத்தகம்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். நூலகத்தில் மூன்று நாள் நீல அட்டைகளாகப் புரட்டினேன். அதிலிருந்து, நூல் பெயரும் பக்க எண்ணும் எழுதாமல் ஒரு வரிகூடக் குறிப்பெடுப்பதில்லை. அப்படியே எடுத்த வாக்கியம் என்றால் நோட்டிலேயே மேற்கோள் குறி போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அது நம் வாக்கியம் போலவே தெரியும். ஆதாரங்களை எந்த வடிவில் எழுதுவது, ஏபிஏ (APA) முறையா வேறு முறையா என்பதைத் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். கமா, முற்றுப்புள்ளிச் சங்கதிகளில் பெரும்பகுதியை ஸோட்டெரோ மாதிரி இலவச மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

சரி, இந்த 11 கோடுகளை என்ன செய்வது? உலாவியின் வரலாறு, பதிவிறக்கக் கோப்புறை, நூலகத்தில் எடுத்த புத்தகங்களின் பட்டியல் மூன்றையும் பாருங்கள், பாதிக்கு மேல் அகப்படக்கூடும். அகப்படாததை அடித்துவிடுங்கள். ஒரு பத்தி மெலிந்தால் மெலியட்டும். ‘தேடினேன், கிடைக்கவில்லை, எடுத்துவிட்டேன்’ என்று நெறியாளரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அதற்கும் சிவப்பு மை எடுத்தால் எனக்கு எழுதுங்கள்.