ஏசிஎல் ஆபரேஷன் ஆன பாஸ்கெட்பால் சென்டர் பையனை அஞ்சு மாசத்துல கோர்ட்டுல எறக்கலாமுங்களா?

கோபிச்செட்டிபாளையத்துல இருந்து ஒரு அப்பா கேட்டிருக்காருங்க. பையன் பிளஸ் டூ, ஆறடி அஞ்சு அங்குலம், ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம்ல சென்டர், அதாவது ரிங்குக்குப் பக்கத்துல நின்னு ஆடுற உசரமான ஆளு. ரீபவுண்ட் (ரிங்குல பட்டுத் திரும்புற பால்) எடுத்து எறங்கறப்ப முட்டி திருகி, முட்டிக்குள்ள எலும்பை இழுத்துப் பிடிக்கற ஏசிஎல்ங்கற லிகமெண்ட் கிழிஞ்சு, ஆபரேஷன் ஆகி இப்ப அஞ்சாவது மாசம். வலி இல்ல, மாடிப்படி ஏறுறான். செலக்‌ஷன் வாங்கித் தர்றேன்னு வந்த ஒருத்தர் அடுத்த டோர்னமெண்ட்லயே எறக்கிடலாம், வேணும்னா ஒரு ஊசி போட்டுக்கலாம்ங்கறாராம். கோச்சு வேற பையனுக்கு தைரியம் பத்தல, பயந்து பயந்து ஆடுறான்னு சொல்லியிருக்காரு.

எறக்காதீங்கண்ணா. 9 மாசம் முழுசா முடியாம மேட்ச் பேச்சே வேண்டாம். உள்ள வெச்சிருக்கறது பையனோட கால்ல இருந்தே எடுத்த நாரு, அது புது இடத்துல ரத்தம் ஓடி ஊறி லிகமெண்டா தேற பல மாசம் ஆகும், ஆனா வலி அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிரும், எல்லாரும் ஏமாறுறது அங்கதான். போர்சிங்கிஸ்னு 7 அடிக்கு மேல ஒரு ஆளு, அமெரிக்காவோட என்பிஏ பாஸ்கெட்பால் லீக்ல ஆடுறவரு, 2018 பிப்ரவரில ஏசிஎல் கிழிஞ்சு 2019 அக்டோபர்லதான் மறுபடி மேட்ச் ஆடுனாரு. அத்தனை டாக்டருங்க கூட இருக்கற ஆளுக்கே அவ்வளவு நாளு. 2024ல பாஸ்டன் டீம் என்பிஏ கப்பு ஜெயிச்சப்ப அந்த டீம்ல இருந்தாரு.

பெருந்துறைல ஒறம்பரைப் பையன் ரெண்டே மாசத்துல ஆடுனானேன்னு எழுதியிருக்கீங்க. அவனுக்கு ஏசிஎல் கிழிஞ்சிருக்காது, முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கற மெனிஸ்கஸ் மட்டும் கிழிஞ்சிருக்கும். அதுலயும் ரெண்டு வகை. கிழிஞ்ச ஓரத்தை வெட்டி எடுத்துட்டா ஆறேழு வாரத்துல திரும்பறவங்க இருக்காங்க. தையல் போட்டிருந்தா நாலு மாசம், ஆறு மாசம் ஆகும். ரெண்டுமே சின்ன ஓட்டை ஆபரேஷன்தான், வெளிய தழும்பைப் பாத்து பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. அதனால டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து உங்க பையனுக்கு ஏசிஎல் கூட மெனிஸ்கஸும் தெச்சிருக்காங்களான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. தெச்சிருந்தா ஆழமா குத்த வெச்சு உக்கார்றதுக்கு எத்தனை நாள் தடைங்கறதையும் சேர்த்துக் கேளுங்க. அடுத்த வீட்டுப் பையன் கணக்கு உங்க பையனுக்கு ஆகாது.

இனி அந்த செலக்‌ஷன் ஆளு. இவங்களைப் பத்திப் பேசுனாலே எனக்கு எரிச்சலா வருதுங்க. ஹைட்டான பையன் எந்த ஊர்ல இருக்கான்னு மோப்பம் பிடிச்சு வருவாங்க, கோட்டா சீட்டும்பாங்க, கம்பெனி டீம்ல வேலைம்பாங்க, பேரே கேக்காத ஃபெடரேஷன் சர்டிஃபிகேட்டுக்கு காசு வாங்குவாங்க, வெரிஃபிகேஷன்ல அது நிக்காது. முட்டி மறுபடி போச்சுன்னா போனே எடுக்க மாட்டாங்க. ஊசின்னு அவர் சொல்றது அனேகமா ஸ்டீராய்டு. வலியை அமுக்கும், நாரை ஒண்ணும் தேத்தாது. அதுவுமில்லாம 2022ல இருந்து போட்டி சமயத்துல இந்த ஊசி ஊக்கமருந்து தடை லிஸ்ட்ல இருக்கு, டெஸ்ட்ல மாட்டுனா பேரு கெடறது பையனுக்குத்தான். மசில் ஏறும்னு ஏதாச்சும் பவுடர் டப்பா குடுத்தாலும் தொடாதீங்க. 2015ல என்பிஏவுக்குப் புது ஆளுங்களை எடுக்கற தேர்வுல டல்லாஸ் டீம் 52வது ஆளா எடுத்த நம்ம இந்திய சென்டர் சத்னாம் சிங், அவரே ஹைஜெனமைன்னு ஒரு பொருளால மாட்டி ரெண்டு வருஷம் தடை வாங்குனாரு. சப்ளிமெண்ட் டப்பாவுலயெல்லாம் கலந்திருக்கற சாமான் அது. கடன வாங்கியாச்சும் ஆபரேஷனைப் பண்ணிடறோம், அப்பறம் ஒம்பது மாசம் கூட நின்னு எக்சர்சைஸ் பண்ண வெக்க நம்ம ஸ்கூல் டீமுங்கள்ல ஆள் இருக்கா? செலக்டர் ஹைட்டை அளக்கறாரு, தொடையை எவன் அளக்கறான்?

கோச்சு சொல்ற தைரியத்துக்கு வர்றேன். முட்டி ஆபரேஷன் ஆனா தொடை முன்சதை தானாவே சரியா வேலை செய்யாமப் போகும், அதனால ஒடம்பு அந்தக் காலை நம்பாது, அது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லீங்க. சென்டருக்கு முரட்டுத்தனம்னா முழங்கைல இடிக்கறதில்ல. முட்டிய மடக்கித் தாழ நின்னு இடுப்பால ஆளை ரிங்குக்கு வெளிய தள்ளி வெக்கறதும், ஸ்கிரீன் வெச்சா, அதாவது நம்ம ஆளுக்கு வழி விட எதிராளியை மறிச்சு நின்னா, அசையாம இடி வாங்கறதும்தான். அதுக்கு கால்ல பலம் வேணும். ஆபரேஷன் ஆன கால் மத்த கால்ல 90 சதமாச்சும் பலம் காட்டணும், ஒத்தைக்கால் தாவலும் அதே அளவு வரணும், அப்பறம் டீமோட பிராக்டிஸ், மேட்ச் கடைசி. 9 மாசம் ஆகியும் இது வரலைன்னா இன்னும் காத்திருங்க.

பையன் தேறுவானான்னா, தேற நெறைய எடம் இருக்கு. சேர்ல உக்காந்தே ஒத்தைக் கைல ரிங்குக்குப் பக்கத்துல ஷாட் போடட்டும், இடது கைய அதிகமா. சாதாரணமா நிக்கறதுக்கு டாக்டர் ஓகே சொல்லியிருந்தா குதிக்காம ஃப்ரீ த்ரோ, ஃபவுலுக்கு அப்பறம் கோட்டுல நின்னு யாரும் மறிக்காம போடற ஷாட். நம்மூர் பெரிய பசங்க பாதிப் பேரு ஃப்ரீ த்ரோவுலதான் கோட்டை விடறாங்க. கரூர்ல எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை பாஸ்கெட்பால் போட்டி நடக்கறப்ப கூட்டிட்டுப் போங்க, ஆட இல்ல, பாக்க. பால் ரிங்குல படறதுக்கு முன்னாடி சென்டருங்க எங்க போயி நிக்கறாங்கன்னு மட்டும் கவனிக்கச் சொல்லுங்க. அடுத்த ரிவ்யூவுல ரெண்டு தொடையோட பலத்தையும் அளந்து நம்பரா எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கங்க. "நல்லா இருக்கு, ஆடலாம்"னு வாய்ல மட்டும் சொன்னா ஒத்துக்காதீங்க.