அத்தை சும்மாதானே இருக்கிறார்!

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தரைத்தளம், பின்னால் கொஞ்சம் இடமும் உண்டு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன், ஏதாவது வளர்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக அடம்பிடிக்கிறான். எங்களுக்கு இதில் அனுபவமே இல்லை. வெளிநாட்டு நாயெல்லாம் வேண்டாம், நம்ம மண்ணின் உயிராக இருக்கட்டும் என்கிறார் கணவர். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, நாட்டு நாய்க்குட்டி, இந்த மூன்றில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு எது சுலபம்? பகலில் பிரச்சினை இல்லை, அத்தை வீட்டில் சும்மாதான் இருக்கிறார், பார்த்துக்கொள்வார். முட்டிவலி, சர்க்கரை எல்லாம் உண்டு, ஆனாலும் ஊரில் ஆடு, கோழி வளர்த்தவர்தான். அவருக்கும் பொழுது போகும்.
- வாசகி, கடலூர்

பதில்: கிளியையும் ஆமையையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், உங்களோடு எனக்கு வேறு வழக்கு இருக்கிறது.

பச்சைக்கிளி நம்ம மண்ணின் பறவை. அதனாலேயே அதைக் கூண்டில் வைக்கக்கூடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வருகிறது, பிடிபட்டால் மூன்று ஆண்டு வரை சிறை. கிளி ஜோசியக்காரர் வைத்திருக்கிறாரே, எதிர்வீட்டில் இருக்கிறதே என்று எழுதாதீர்கள், அவர்கள் வைத்திருப்பதும் குற்றம்தான். விற்பனைக்கு வருகிற கிளிகள் பெரும்பாலும் மரப்பொந்தில் கைவிட்டு, இறகு முளைக்கும் முன்னே எடுத்த குஞ்சுகள். கடையில் விற்கிற லவ் பேர்ட்ஸ் ஆஸ்திரேலியாப் பறவை, அதற்கு இந்தத் தடை கிடையாது. ஊர்ப் பறவையை வைத்தால் வழக்கு, கடல் தாண்டி வந்ததை வைத்தால் ஒன்றுமில்லை என்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் காட்டில் இருப்பதைப் பிடித்து விற்கக்கூடாது என்பதுதான் இந்தச் சட்டத்தின் நோக்கம்.

நட்சத்திர ஆமை இன்னும் மோசம். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணையில் அதைச் சேர்த்துவிட்டார்கள். அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே மூன்று ஆண்டு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம்ம பெரியவர்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். இப்போது ஆமை உள்ளே வந்தால் வனத்துறை ஜீப் பின்னாலேயே வரும்.

மிச்சம் இருப்பது நாட்டு நாய். நல்ல தேர்வுதான். இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பழகிய உடம்பு, அடிக்கடி முடி வெட்டிவிடும் வேலையும் இல்லை. இங்கே 'நாட்டு' என்றால் தெருவில் பிறந்த குட்டி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கணவர் மனதில் சிப்பிப்பாறையோ கன்னியோ இராஜபாளையமோ இருந்தால் இப்போதைக்கு மறந்துவிடச் சொல்லுங்கள். அவை முயலையும் காட்டுப்பன்றியையும் துரத்துவதற்கென்று வளர்த்த நாய்கள், ஓடினால்தான் அவற்றுக்கு உடம்பும் புத்தியும் நிதானத்தில் இருக்கும். வாடகை வீட்டின் பின்பக்க இடத்தில் கட்டிப்போட்டால் பதினைந்தே நாளில் கதவைப் பிறாண்டி எடுத்துவிடும். வீட்டு ஓனரிடம் கேட்டுவிட்டீர்களா? அதையும் நீங்கள் எழுதவில்லை.

சரி, வழக்குக்கு வருவோம். 'அத்தை வீட்டில் சும்மாதான் இருக்கிறார்.' இந்த வரியை நான் நாலு முறை படித்தேன். இது போன்ற கடிதம் எனக்கு மாதம் இரண்டாவது வரும், நாய்க்குப் பதிலாக சில சமயம் பூனை, சில சமயம் பேத்தி. எல்லாவற்றிலும் யாரோ ஒரு வயதான பெண் 'சும்மா' இருப்பார். நீங்களும் கணவரும் காலையில் கிளம்பிப் போய்விட்டு மாலையில் வருகிறீர்கள். பையன் பள்ளிவிட்டு வரும்போது கதவைத் திறப்பது யார், காஸ் சிலிண்டர் வந்தால் வாங்கிவைப்பது யார், மழை தூறினால் கொடியில் துணியை எடுப்பது யார்? முட்டிவலியோடு இதையெல்லாம் செய்கிறவருக்கு உங்கள் வீட்டில் வைத்திருக்கிற பெயர் சும்மா.

இப்போது குட்டியின் கணக்கைப் போடுவோம். தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கவே கூடாது. எட்டு வாரக் குட்டிக்கு நாளைக்கு நாலு வேளை தீனி, அதில் இரண்டு வேளையாவது நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில். தின்றதும் போகும், தூங்கி எழுந்ததும் போகும், விளையாடியதும் போகும். பகலில் மட்டும் ஏழெட்டு முறை வெளியே தூக்கிப் போக வேண்டும், தவறினால் அதே ஏழெட்டு முறை குனிந்து தரை துடைக்க வேண்டும். யார் குனிவது? குட்டிக்கு ஊசி மாதிரிப் பல், நடக்கிற காலைத்தான் கடிக்கும், நடக்கிற காலுக்கு நடுவில்தான் புகும். முட்டிவலிக்காரர் ஈரத்தரையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. சர்க்கரை உள்ளவர் காலில் ஒரு கீறல் ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதோடு, குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்தால் மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரேபீஸ் வந்தபின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. குட்டிக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் ரேபீஸ் தடுப்பூசியே போடுவார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் அது யாரோடு இருக்கப்போகிறது? அத்தையோடு.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இந்த இடத்தில் இல்லை, அடுத்த வரியில். ஊரில் ஆடு, கோழி வளர்த்தவர்தான் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த வீட்டில் ஓர் உயிரை வளர்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்! கோழிக்குக் கழிச்சல் வந்தால் எப்படி இருக்கும், ஈன்ற ஆட்டை எப்போது தொடக்கூடாது, நோய் கண்டதை எப்படித் தனியாகக் கட்டுவது என்று கையால் அறிந்தவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புதுச்சேரியில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். ஆலோசனை கேட்பது என்னிடம், வேலை மட்டும் அவருக்கா? ஒருவேளை வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று தெரிந்தே கேட்காமல் இருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஃபெஞ்சல் புயல் கரை ஏறிய இரவு, 2024 நவம்பர் 30. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எல்லோரும் முதல் நாளே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நாய் பின்பக்கம் சங்கிலியில். ஆளாளுக்கு மற்றவர் அவிழ்த்திருப்பார் என்று நினைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் கழுத்தளவு தண்ணீரில் துணி துவைக்கிற கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தது, நானும் பக்கத்து வீட்டுப் பையனும் போய் அவிழ்த்தோம். அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கரை மீறி உங்கள் பக்கம் என்ன பாடு பட்டது என்று உங்களுக்கே தெரியும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும். உங்கள் பையன் காலேஜ் முடித்து வேலைக்குப் போகும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எத்தனை புயல் வரும்! அப்போது முட்டிவலிக்காரர் அத்தையைத் தாங்கிப்பிடிப்பது யார், நாயை அவிழ்ப்பது யார் என்று பேர் சொல்ல முடிகிற வீட்டில்தான் நாய் இருக்கலாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நாய் வருவதற்கு முன்னால் ஒரு மாதம், தினமும் காலை ஐந்தரைக்கு உங்கள் கணவரும் பையனும் எழுந்து அரைமணி நேரம் தெருவில் நடந்துவிட்டு வரட்டும், கையில் வெறும் கயிறோடு. ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். வந்ததும் பையன் பின்பக்கத்தைக் கூட்டட்டும். பத்தாம் நாளே படுத்துவிட்டான் என்றால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, மேற்கொண்டு எழுத வேண்டாம். மாதம் முழுக்க நடந்தால் அப்புறம் பேசலாம். அப்போதும் குட்டி வேண்டாம் என்பேன். உங்கள் தெருவிலேயே ஒன்றரை, இரண்டு வயதில் சாதுவாக ஒன்று இருக்கும், அநேகமாகப் பெட்டையாக இருக்கும், பெட்டை என்பதாலேயே யாரும் வீட்டுக்குள் சேர்க்காததாக இருக்கும். அதன் குணம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், காலைக் கடிக்கிற வயதைத் தாண்டிவிட்டது, இரண்டு வேளை தீனி போதும். கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கருத்தடை, ரேபீஸ் ஊசி, பூச்சி மருந்து எல்லாம் முடித்துவிட்டு உள்ளே சேருங்கள். ரேபீஸ் ஊசியை ஒவ்வொரு வருடமும் திரும்பப் போட வேண்டும், அந்தத் தேதியை உங்கள் கணவர் காலண்டரில் எழுதட்டும், அத்தை இல்லை.

சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மிஞ்சிய சாம்பார் சாதத்தைப் போட்டு வளர்த்துவிடலாம் என்று நினைப்பீர்கள். சாம்பாரில் வெங்காயம் இருக்கிறது, வெங்காயம் நாயின் ரத்தத்தையே கெடுக்கும். பாயசத்தில் கிடக்கிற உலர்திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெறும் சோற்றில் முட்டையோ எலும்பில்லாத கோழியோ மீனோ பிசைந்து வையுங்கள், உப்பு காரம் இல்லாமல்.

இதற்கெல்லாம் முன்னால் இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 'வளர்க்கலாமா' என்று கேட்டால் 'உங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார், அந்தத் தலைமுறை அப்படி. 'ஊரில் நீங்க வளர்த்த ஆட்டுக்கு என்ன பேரு அத்தை' என்று ஆரம்பியுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் வேண்டாம்தான், பையன் அழுதாலும். சரி என்று சொன்னால், அடுத்த கடிதத்தை அவரே சொல்லட்டும், பையன் எழுதட்டும்.